'நீயும் ஒன்று திருப்பிக் கொடு' என்று சொல்லி அனுப்பும் முன்

பள்ளியில் ஒருவன் தன்னைத் தொல்லை செய்கிறான் என்று பிள்ளை வந்து சொன்னதும், 'நீயும் ஒன்று திருப்பிக் கொடு' என்று சொல்லி அனுப்புவதுதான் பல வீடுகளில் நடக்கும் முதல் தவறு. வம்புக்கு வருபவன் பெரும்பாலும் தனியாக வருவதில்லை. அடிதடி முற்றிய பிறகு வந்து சேரும் ஆசிரியரின் கண்ணில் படுவதும் கடைசியாக ஓங்கிய கைதான். அது நம் பிள்ளையின் கையாக இருந்துவிட்டால், அதுவரை அவன் பொறுத்துக்கொண்டதெல்லாம் கணக்கில் வராது.

அதற்காக, 'கண்டுகொள்ளாதே, தானாக அடங்கிவிடுவான்' என்பதும் சரியல்ல. என்றோ ஒருநாள் கிண்டலுக்கு அது போதும். தினமும் டிபன் பாக்ஸைப் பிடுங்குபவன் மௌனத்தைச் சம்மதமாகவே எடுத்துக்கொள்வான். 'அது என்னுடையது, கீழே வை' என்று ஒரே வாக்கியத்தை முகம் பார்த்து நிதானமாகச் சொல்லிவிட்டு, ஆள் நடமாட்டம் உள்ள பக்கம் போய்விடுவது நல்லது. இதை வீட்டிலேயே நான்கைந்து முறை வாய்விட்டுச் சொல்லிப் பழக வேண்டும், ஏனெனில் முதல் முறை யாருக்கும் குரல் எழும்பாது.

என் பார்வையில், அதிகம் கெடுப்பது புகார் சொல்லும் விதம்தான். 'எல்லாரும் கிண்டல் பண்றாங்க மிஸ்' என்றால், நாற்பது பேரைச் சமாளிக்கும் ஆசிரியர் 'சரி, போய் உட்கார்' என்றுதான் சொல்வார். 'செவ்வாய்க்கிழமை மதிய இடைவேளையில், தண்ணீர்க் குழாய்ப் பக்கத்தில், என் கணக்கு நோட்டைப் பிடுங்கித் தண்ணீரில் போட்டான். இரண்டு பேர் பார்த்தார்கள்' என்றால் அவர் விசாரித்தே ஆக வேண்டும். ஆகவே நாள், நேரம், இடம், பார்த்தவர் என நான்கையும் நோட்டின் கடைசிப் பக்கத்தில் அன்றன்றே குறித்து வைக்கலாம். அவமானமாக இருக்கிறதென்று வாட்ஸ்அப் செய்திகளை அழித்துவிடுவதும் தவறு. அவற்றை ஸ்கிரீன்ஷாட் எடுத்துப் பெற்றோரிடம் கொடுத்துவிட வேண்டும்.

பெரியவர்கள் செய்யும் தவறு, இருவரையும் கைகுலுக்க வைத்து விஷயம் முடிந்துவிட்டதாக நினைப்பது. 2023 ஆகஸ்டில் திருநெல்வேலி மாவட்டம் நாங்குநேரியில், சக மாணவர்களின் சாதியத் தொல்லை பள்ளியின் கவனத்துக்குக் கொண்டுபோகப்பட்ட பிறகு, பாதிக்கப்பட்ட மாணவரும் தடுக்க வந்த அவருடைய தங்கையும் வீட்டிலேயே வெட்டப்பட்டார்கள். அதனால் சாதிப் பெயர் சொல்லி இழிவுபடுத்துவதைப் 'பசங்க விளையாட்டு' என்று ஒருநாளும் தள்ளக் கூடாது; புகார் கொடுத்த பிள்ளை அன்று மாலை யாரோடு வீடு திரும்பும் என்பதையும் அப்போதே கேட்டு முடிவு செய்ய வேண்டும்.

எதிராளியின் வீட்டுக்கே போய்ச் சண்டை போடுவதால் பகைதான் வளரும். தலைமையாசிரியரிடம் எழுத்தில் புகார் கொடுத்து, தேதியிட்ட நகலை வாங்கிக்கொள்ளுங்கள். பள்ளி அசையவில்லை என்றால், தமிழ்நாடு பள்ளிக் கல்வித் துறையின் 14417 என்ற எண்ணையோ குழந்தைகள் உதவி எண்ணான 1098-ஐயோ அழைக்கலாம். இரண்டுக்கும் கட்டணம் கிடையாது, 1098-ஐ பிள்ளையே நேரடியாக அழைத்துப் பேசலாம்.