குழுவில் பதில் எழுத முடியவில்லையா?

பாம்பனில் புயல் எச்சரிக்கைக் கூண்டு ஏற்றப்பட்டதும் நம் கரையோர வாட்ஸ்அப் குழுக்கள் சிலவற்றில் பதில் எழுதும் வசதியை நிறுத்திவிடுகிறார்கள். இது யாரையும் ஒதுக்குவதற்காகச் செய்யப்படுவதன்று. காலையில் 1-ஆம் எண்ணாக இருந்த கூண்டு மாலையில் 3 ஆகியிருக்க, கடலிலிருந்து திரும்பிக் கைபேசி சிக்னல் எல்லைக்குள் வரும் ஒருவர், வணக்கப் படங்களுக்கும் நேற்றைய இறால் விலைக்கும் இடையே பழைய எண்ணை மட்டும் பார்த்துவிட்டு, மறுபடியும் நாட்டுப்படகை இறக்கிவிட்டால் என்னாவது? உயிர் சம்பந்தப்பட்ட செய்தி ஒன்றே ஒன்றாக, கடைசியாக நிற்க வேண்டும்.

அட்மினாக இருப்பவர் குழுவின் அனுமதிகள் பகுதிக்குச் சென்று, அட்மின்கள் மட்டுமே செய்தி அனுப்பலாம் என்று மாற்றி வைத்தால் போதும்; 2018 முதல் இவ்வசதி உள்ளது. மூடுவதற்கு முன் காரணத்தையும், திறக்கும் நேரத்தையும் ஒரு வரியில் எழுதிவிடுங்கள். காரணம் சொல்லாமல் மூடுவதே மனக்கசப்புக்கு இடமளிக்கிறது என்பது என் கருத்து.

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையிலான 61 நாள் மீன்பிடித் தடைக்காலத்தின் நிவாரணம் பற்றிய பேச்சையும் ஆண்டுதோறும் முடித்துவிட்டுப் புதிதாகத் தொடங்குவது நல்லது. ஏனெனில் சென்ற ஆண்டுப் பதிலை நம்பி ஆவணங்களோடு அலைபவர்கள் இருக்கிறார்கள்.

குழு மூடியிருக்கும்போது படகு ஏதேனும் கரை திரும்பவில்லை என்று தெரிந்தால், அது திறக்கும்வரை காத்திருக்காமல் அட்மினை நேரடியாக அழையுங்கள். கடலோரக் காவல்படையின் 1554 என்ற கட்டணமில்லா எண்ணுக்கும் உடனே தெரிவியுங்கள்.