நோட்ஸ் தொலையாமல் இருக்க: கம்பஸ் அணிக்கு ஒரு கூகுள் கிளாஸ்ரூம்

வட்ஸ்அப் குறூப்பில் திங்கட்கிழமை போட்ட நோட்ஸை வெள்ளிக்கிழமை தேடினால் நடுவில் முந்நூறு மெசேஜ் கிடக்கும். பிந்திச் சேர்ந்தவருக்குப் பழையவை தானாகப் போய்ச் சேராது. கதைக்கிறதுக்கு வட்ஸ்அப் இருக்கட்டும். வைத்து எடுக்கிறதுக்குக் கூகுளின் வகுப்புச் செயலியான கிளாஸ்ரூமைத் திறவுங்கள். பாதிப்பேர் யாழ்ப்பாணத் திருநெல்வேலியிலும் மீதிப்பேர் கிளிநொச்சி அறிவியல்நகரிலும் இருக்கிற மன்றங்களுக்கும் இதே முறை பொருந்தும்.

1. கிளாஸ்ரூம் செயலியில் கூட்டல் குறியை அழுத்தி வகுப்பை உருவாக்குங்கள். பெயரில் பாடம், அணி, அரையாண்டு மூன்றும் இருக்கட்டும். சொந்த ஜிமெயிலில் திறந்தால் ஒரு வகுப்பில் 250 பேர்தான்.

2. இரண்டு பேரையாவது இணை ஆசிரியராக அழையுங்கள். அழைப்பை அவர்கள் ஏற்கும்வரை அந்த உரிமை வராது. ஃபைல்கள் போடுகிறவரின் கூகுள் டிரைவில்தான் கிடக்கும். இலவச இடம் 15 ஜிபி, அதில் அவருடைய படங்களும் மின்னஞ்சலும் பங்குக்கு வரும்.

3. செற்றிங்ஸில் ஆசிரியர்கள் மட்டுமே பதிவிடலாம் என்று மாற்றுங்கள். இல்லாவிட்டால் நாற்பது ‘நன்றி சேர்’களுக்குக் கீழே பரீட்சைத் திகதி புதைந்துவிடும்.

4. அசைன்மென்ட் போடும்போதுதான் அதிகம் பிழை வரும். விடைத்தாளை இணைத்ததும் அதன் அருகே மூன்று தெரிவுகள் வரும்: பார்க்க மட்டும், எல்லாரும் திருத்தலாம், ஒவ்வொருவருக்கும் தனிப் பிரதி. இரண்டாவதைத் தொட்டால் அறுபது பேரும் ஒரே தாளில் எழுதுவார்கள். ஒருவர் எழுதியதை மற்றவர் அழிப்பார். வேண்டியது ‘மேக் எ கொப்பி’ என்று தொடங்குகிற மூன்றாவது. அதை வெளியிடமுன் தெரிவு செய்தாக வேண்டும், பிறகு மாற்ற வழியில்லை. பிழை விட்டுவிட்டால் அந்த அசைன்மென்டை அழித்துப் புதிதாகப் போடுங்கள்.

5. பாமினி எழுத்துருவில் தட்டிய நோட்ஸை அப்படியே ஏற்றாதீர்கள். அந்த எழுத்துரு இல்லாத போனில் ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியுமாகத் தெரியும். யூனிகோடுக்கு மாற்றுங்கள், அல்லது பிடிஎஃப் ஆக்கி ஏற்றுங்கள். கையெழுத்து நோட்ஸைத் தனித்தனிப் படமாக அனுப்பினால் பத்துப் பக்கம் 30 எம்பியைத் தொடும். டிரைவ் செயலியின் ஸ்கானில் கறுப்பு வெள்ளையாக ஒரே பிடிஎஃப் ஆக்கினால் டேற்றா மிஞ்சும்.

6. கடைசியாக, வகுப்பில் சேருவதற்கான குறியீட்டை வட்ஸ்அப்பில் போடுங்கள். ‘சேர முடியேல்ல’ என்று வருகிறவர்களில் பலர் வேறு கணக்கில் நிற்பார்கள். வலப்பக்க மேல்மூலையில் உள்ள படத்தைத் தொட்டு எந்த மின்னஞ்சல் என்று பார்க்கச் சொல்லுங்கள். கம்பஸ் மின்னஞ்சலில் திறந்த வகுப்புக்குள் சொந்த ஜிமெயில், நிர்வாகி அனுமதித்தால் ஒழியப் போகாது.

அரையாண்டு முடிந்ததும் வகுப்பை அழிக்காமல் ஆர்க்கைவில் போடுங்கள். ரிப்பீற் எழுதுகிறவர்கள் நோட்ஸைத் தேடி வருவார்கள்.