எஃப்-1 விசாவில் வேலை: நம்ம பிள்ளைகள் சறுக்கும் இடங்கள்

காரைக்குடி, தேவகோட்டை, பள்ளத்தூர் பக்கத்திலிருந்து அமெரிக்காவுக்கு எஃப்-1 என்ற மாணவர் விசாவில் எம்.எஸ். படிக்கப் போகும் பிள்ளைகள் விசா நேர்காணலுக்கு மாதக்கணக்கில் தயாராகிறார்கள். அங்கே இறங்கிய பிறகு எந்த வேலையைச் செய்யலாம், எதைத் தொடவே கூடாது என்பதை மட்டும் ‘போய்ப் பார்த்துக்கலாம்’ என்று விட்டுவிடுகிறார்கள். நேர்காணலில் விசா கிடைக்காவிட்டால் மறுபடி விண்ணப்பிக்கலாம். வேலை விஷயத்தில் செய்கிற தவறு அப்படிப் போய்விடாது. சில வருஷம் கழித்து எச்-1பி வேலை விசா போடும்போதோ, கிரீன் கார்டுக்கு விண்ணப்பிக்கும்போதோ எதிரே வந்து நிற்கும்.

பெரும்பாலான எஃப்-1 மாணவர்களுக்குப் பொருந்தும் வழிகள் சிலதான். முதலாவது, கல்லூரி வளாகத்துக்குள் வேலை. இரண்டாவது சிபிடி, அதாவது படிப்பின் ஒரு பகுதியாகச் செய்யும் இன்டர்ன்ஷிப். மூன்றாவது ஓபிடி, அதாவது படித்த துறையில் வேலை பார்க்கத் தரும் அனுமதி: ஒவ்வொரு பட்டப்படிப்பு நிலைக்கும் 12 மாதம், பெரும்பாலும் படிப்பு முடிந்த பின் எடுப்பது. அறிவியல், பொறியியல், கணிதம் போன்ற ஸ்டெம் படிப்பு என்றால் அதன் மேல் இன்னொரு 24 மாதம் கிடைக்கும். இவை தவிர, ஒரு கல்வியாண்டு முடித்த பிறகு எதிர்பாராத பணக் கஷ்டம் வந்தால் அதற்கென்று தனி அனுமதி கேட்கலாம். இந்த வழிகளுக்கு வெளியே செய்யும் வேலையை அனுமதி இல்லாத வேலை என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

நம்ம ஆளு கடைதானே

செட்டிநாட்டுப் பிள்ளைகளிடம் அதிகம் பார்க்கும் தவறு இதுதான். ஊர்க்காரர் ஒருவர் அங்கே மளிகைக் கடையோ சாப்பாட்டுக் கடையோ வைத்திருப்பார். அப்பச்சி (அப்பா) இங்கிருந்து போன் போட்டு, “தம்பி வந்திருக்கான், கொஞ்சம் பாத்துக்கங்க” என்பார். அவரும் நல்ல மனசோடு, “சனி ஞாயிறு கடைக்கு வரச் சொல்லுங்கண்ணே, கைச்செலவுக்கு ஆகும்” என்பார். இதில் யாருக்கும் கெட்ட எண்ணம் கிடையாது. ரங்கூனிலும் பினாங்கிலும் நம் முன்னோர் அப்படித்தான் தொழில் படித்தார்கள். கிட்டங்கி என்ற பொது விடுதியில் தங்கி, பெட்டியடிப் பையனாக (எடுபிடியாக) சேர்ந்து, கணக்குப் பழகி, அடுத்தாளாகி (முதலாளியின் உதவியாளாகி) மேலே வந்தார்கள். வெளிநாடு போகும் பிள்ளையை நம்மவர் கடையில் ஒப்படைப்பது நமக்குப் பாதுகாப்பாகவே தோன்றும்.

எஃப்-1 விதியைப் பொறுத்தவரை அதுதான் மிக ஆபத்தான இடம். கடைக்காரர் உறவா அந்நியரா என்று சட்டம் பார்ப்பதில்லை. ரொக்கமாக வாங்கினால் தெரியாது என்பார்கள். சம்பளம் எந்த வழியில் வந்தது என்பது கேள்வியே இல்லை, வேலை செய்தாயா இல்லையா என்பதுதான் கேள்வி. விமான நிலையத்தில் குடிவரவு அதிகாரிக்கு உங்கள் போனைத் திறந்து பார்க்கும் அதிகாரம் உண்டு. ‘நாளைக்கு ஷிப்ட் எத்தனை மணிக்கு அண்ணே?’ என்ற ஒரு வாட்ஸ்அப் செய்தி போதும். சம்பளத்துக்குப் பதிலாகச் சாப்பாடும் தங்க இடமும் கொடுத்தாலும் அது ஊதியம்தான்.

‘காசே வாங்கலை, சும்மா ஒத்தாசைக்குக் கல்லாவில் நின்றேன்’ என்பதும் காப்பாற்றாது. சம்பளம் கொடுத்து ஆள் வைக்கும் வேலையை லாபத்துக்கு நடக்கும் கடையில் இலவசமாகச் செய்தால் அது தொண்டு ஆகிவிடாது. கோயிலில் அன்னதானத்துக்குப் பரிமாறுவது, உணவு வங்கியில் பொட்டலம் கட்டுவது, இவைதான் தொண்டு. அவற்றைத் தாராளமாகச் செய்யலாம்.

கடைக்குப் போகாமல் அறையிலேயே செய்யும் வியாபாரமும் இதில் சேரும். கைப்பக்குவம் உள்ள பிள்ளைகள் தேன்குழல், மனகோலம் சுட்டு, இல்லை வார இறுதியில் கோழிக் குழம்பு வைத்து, நண்பர்களுக்கு டப்பா கணக்கில் விற்கிறார்கள். காரில் ஆள் ஏற்றுவது, ஆப் மூலம் சாப்பாடு கொண்டுபோய்க் கொடுப்பது, காசு வரும் யூடியூப் சேனல் நடத்துவது எல்லாமே படிக்கிற காலத்தில் எஃப்-1 மாணவருக்கு ஆகாதவை. ஊரில் இருக்கும் வீட்டு வாடகை, வங்கி வட்டி, பங்கில் வரும் ஈவுத்தொகை ஆகியவை வேலை இல்லை, அவை வரலாம். ஊரில் இருக்கும் அப்பச்சியின் நிறுவனத்துக்கு அங்கே உட்கார்ந்து லேப்டாப்பில் வேலை பார்ப்பதைப் பலர் சர்வசாதாரணமாக நினைக்கிறார்கள். பணம் இந்தியக் கணக்கில் விழுந்தாலும் உழைப்பு நடப்பது அமெரிக்க மண்ணில். வழக்கறிஞரைக் கேட்காமல் அதில் கை வைக்க வேண்டாம்.

இருபது மணி நேரக் கணக்கு

வகுப்பு நடக்கும் காலத்தில் வளாகத்துக்குள் வாரத்துக்கு 20 மணி நேரம் வரை வேலை பார்க்கலாம், விடுமுறையில் முழு நேரமும் பார்க்கலாம். 20 என்பது எல்லா வேலைக்கும் சேர்த்து. நூலகத்தில் 12, உணவகத்தில் 10 என்றால் 22. இரண்டு துறையும் தனித்தனியே பார்க்கையில் சரியாகத்தான் தெரியும், விதி மீறப்பட்டிருக்கும். ஆசிரியருக்கு உதவியாளராக இருக்கும் மணி நேரமும் இதே கணக்கில் வரும்.

சிபிடி: முதல் நாளுக்கு முந்தின நாள்

சிபிடிக்கு அனுமதி தருவது கல்லூரியில் இருக்கும் டிஎஸ்ஓ, அதாவது வெளிநாட்டு மாணவர் அலுவலக அதிகாரி. நிறுவனத்தின் பெயர், தொடங்கும் தேதி, முடியும் தேதி எல்லாம் ஏறிய புது ஐ-20, அதாவது கல்லூரி தரும் மாணவர் சான்றுப் படிவம், கைக்கு வர வேண்டும். பொதுவாக ஒரு கல்வியாண்டு முழு நேரம் படித்த பிறகுதான் இது கிடைக்கும். இன்டர்ன்ஷிப்பைத் தொடக்கத்திலேயே கட்டாயமாக்கிய முதுநிலைப் படிப்புகளுக்கு மட்டும் விலக்கு உண்டு.

ஐ-20யில் ஜூன் 1 என்று இருக்கும். நிறுவனம் மே 28 அன்று ‘சும்மா ஓரியன்டேஷனுக்கு வந்துவிட்டுப் போங்கள்’ என்று கூப்பிடும். போகக்கூடாது. அந்த நான்கு நாளும் அனுமதி இல்லாத வேலை. அதேபோல் ஆகஸ்ட் கடைசியில் மேலாளர் ‘இன்னும் ஒரு வாரம் இருந்து முடித்துக்கொடு’ என்றால், தேதி நீட்டிய ஐ-20 வந்த பிறகுதான் சரி என்று சொல்ல வேண்டும்.

முழு நேர சிபிடி 12 மாதம் அல்லது அதற்கு மேல் போனால் அந்தப் பட்டத்துக்கான ஓபிடி போய்விடும். பகுதி நேர சிபிடிக்கு இந்த விளைவு கிடையாது.

‘சேர்ந்த முதல் நாளே சிபிடி தருகிறோம், வகுப்புக்கு வர வேண்டியதில்லை’ என்று சொல்லும் இடங்களைப் பற்றிக் கண்டிப்பாகச் சொல்ல வேண்டும். மிச்சிகனில் ஃபார்மிங்டன் பல்கலைக்கழகம் என்று ஒன்று இருந்தது. வகுப்பும் கிடையாது, ஆசிரியரும் கிடையாது. அதை நடத்தியதே அமெரிக்கக் குடிவரவுத் துறைதான், பொறி வைப்பதற்காக. 2019 ஜனவரியில் விஷயம் வெளியே வந்தபோது அதில் சேர்ந்திருந்த நூற்றுக்கணக்கான மாணவர்களில் பெரும்பாலோர் இந்தியர்கள். ஆள் சேர்த்துக் கொடுத்தவர்கள் மீது குற்ற வழக்கு. சேர்ந்த பிள்ளைகள் பலர் கைதாகி நாடு திரும்பினார்கள். கட்டின பணமும் போனது.

ஓபிடி: தேதியில் தோற்கிறவர்கள்

ஓபிடியில் நல்ல மாணவர்களே சறுக்குகிறார்கள், காரணம் தேதிகள். ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஐ-20யில் படிப்பு முடியும் நாள் 2027 மே 10 என்று வைத்துக்கொள்ளுங்கள். அதற்கு 90 நாள் முன்பிருந்து, அதாவது பிப்ரவரி 9 முதல், ஐ-765 என்ற வேலை அனுமதி விண்ணப்பம் போடலாம். கடைசி நாள் படிப்பு முடிந்து 60 நாள், அதாவது ஜூலை 9. அன்றைக்குள் விண்ணப்பம் யுஎஸ்சிஐஎஸ் என்ற குடிவரவு விண்ணப்பங்களைப் பார்க்கும் அலுவலகத்தின் கையில் இருக்க வேண்டும், தபாலில் போட்டால் போதாது. இதற்குள்ளே இன்னொரு கெடு ஒளிந்திருக்கிறது. டிஎஸ்ஓ தன் பரிந்துரையை செவிஸ் என்ற அரசின் வெளிநாட்டு மாணவர் பதிவில் ஏற்றிய நாளிலிருந்து 30 நாளுக்குள் விண்ணப்பம் போய்ச் சேர வேண்டும். ‘ஜூலை வரை நேரம் இருக்கிறதே’ என்று பரிந்துரையை வாங்கி வைத்துவிட்டுத் தேர்வுக்குப் படிக்கப் போகும் பிள்ளைகள் இந்த 30 நாளைத் தவறவிட்டு, மறுப்புக் கடிதம் வாங்குகிறார்கள்.

வேலை தொடங்கும் தேதியையும் யோசித்துக் கேளுங்கள். படிப்பு முடிந்த 60 நாளுக்குள் எந்த நாளையும் கேட்கலாம். கையில் வேலை இருந்தால் சீக்கிரமாக, இன்னும் தேடிக்கொண்டிருந்தால் தள்ளி. ஏனென்றால் அந்த நாளிலிருந்து வேலையில்லாத நாள்கள் எண்ணப்படும். 12 மாத ஓபிடியில் மொத்தம் 90 நாள்தான் வேலை இல்லாமல் இருக்கலாம். ஸ்டெம் நீட்டிப்பும் சேர்ந்தால் இரண்டுக்கும் சேர்த்து 150. சனி, ஞாயிறும் எண்ணிக்கையில் உண்டு. பெட்டகசாலையில் உட்கார்ந்து வரவு செலவு எழுதின ஐயா காலத்துப் பேரேடு போல ஒரு நோட்டுப் போட்டு, எந்த வேலை என்று தொடங்கியது, என்று முடிந்தது, இடையில் எத்தனை நாள் என்று எழுதி வையுங்கள். வேலை கிடைத்ததும் 10 நாளுக்குள் செவிஸ் தளத்தில் பதிவு செய்ய வேண்டும். வேலை இருந்தும் பதியாமல் விட்டால், கணினிக்கு நீங்கள் வேலை இல்லாதவர்தான்.

அட்டையைத் தொலைப்பது தனிக் கதை. ஓபிடிக்கான இஏடி அட்டை, அதாவது வேலை அனுமதி அட்டை, நீங்கள் கொடுத்த முகவரிக்குத் தபாலில் வரும். பிள்ளைகளோ மே மாதத்தில் அறையைக் காலி செய்துவிட்டு நண்பன் வீடு, வேறு ஊர் என்று மாறிவிடுவார்கள். கல்லூரியில் முகவரி மாற்றினால் போதும் என்று நினைப்பார்கள். யுஎஸ்சிஐஎஸ் தளத்தில் அந்த விண்ணப்பத்துக்குத் தனியாக மாற்ற வேண்டும். ஒரே இடத்தில் நிலையாக இருக்கும் நம்பகமான ஒருவர் முகவரியை முதலிலேயே கொடுப்பது நல்லது. நம்ம ஊர்க்காரர் கடை இதற்கு அருமையாக உதவும்! அட்டை கையில் வந்து, அதில் உள்ள தேதி பிறக்கும் வரை வேலையில் சேரக்கூடாது.

ஸ்டெம் நீட்டிப்புக்கு முந்தைய ஓபிடி முடியும் முன்பே விண்ணப்பம் போய்ச் சேர வேண்டும். ஓபிடி முடிந்த பின் கிடைக்கும் 60 நாள் அவகாசம் இதற்குச் செல்லாது. நேரத்தோடு போட்டுவிட்டால், முடிவு வரும் வரை 180 நாள் வேலையைத் தொடரலாம். நிறுவனம் ஈ-வெரிஃபையில் (ஊழியரின் வேலைத் தகுதியைச் சரிபார்க்கும் அரசுத் தளத்தில்) பதிந்திருக்க வேண்டும், ஐ-983 பயிற்சித் திட்டத்தில் கையெழுத்துப் போட வேண்டும், சம்பளம் தர வேண்டும், வாரம் 20 மணி நேரமாவது வேலை இருக்க வேண்டும். சின்ன நிறுவனங்கள் பல ஈ-வெரிஃபையில் இருப்பதில்லை. சேரும் நாளிலேயே கேட்டுவிடுங்கள்.

90 நாள் நெருங்கும்போது பயத்தில் செய்வதுதான் பெரிய தவறு. ‘எங்கள் பெயரில் வேலை காட்டுகிறோம், ப்ராஜெக்ட் கிடைக்கும் வரை சும்மா இருங்கள்’ என்று ஆஃபர் லெட்டர் கொடுக்கும் கன்சல்டன்சிகள் உண்டு. இல்லாத வேலையை இருப்பதாகப் பதிவது பொய்த் தகவல். வேலை கிடைக்காமல் ஊர் திரும்பினால் மறுபடி போக வழி இருக்கிறது. பொய் நிரூபணமானால் ஆயுளுக்கும் தடை வரலாம். முதல் 12 மாத ஓபிடியில் படிப்போடு தொடர்புள்ள சம்பளமில்லாப் பணியும், தொழிலாளர் சட்டத்துக்கு உட்பட்டு வாரம் 20 மணி நேரம் செய்தால், வேலையாகக் கணக்காகும். பேராசிரியரின் ஆய்வகத்தில் கேட்டுப் பார்க்கலாம்.

கல்யாணத்துக்கு வரலாமா?

தையிலோ ஆவணியிலோ அக்கா கல்யாணம் என்று வீட்டில் கூப்பிடுவார்கள். ஓபிடி கிடைத்த பிறகு வருவதானால் இஏடி அட்டை, வேலைக் கடிதம், கடந்த 6 மாதத்துக்குள் டிஎஸ்ஓ கையெழுத்துப் போட்ட ஐ-20, காலாவதியாகாத விசா எல்லாம் வேண்டும். விசா முடிந்திருந்தால் மறுபடி நேர்காணல். வேலை இல்லாமல் ஊரில் இருக்கும் நாள்களும் அந்த 90இல் கழியும். டிக்கெட் போடும் முன் டிஎஸ்ஓவிடம் பேசுங்கள். ஆத்தாவும் அப்பச்சியும் ‘எல்லாரும் வர்றாங்க, நீ மட்டும்தான் வரலை’ என்று வற்புறுத்தாமல் இருந்தால் பிள்ளைக்குப் பெரிய உதவி.

ஒரே குடும்பத்தில் ஒருவர் மெல்போர்னில், ஒருவர் டொரோண்டோவில், ஒருவர் சிங்கப்பூரில் என்று இருப்பதால் விதிகளும் கலந்துவிடுகின்றன. வகுப்பு நடக்கும் காலத்தில் ஆஸ்திரேலியாவில் இரண்டு வாரத்துக்கு 48 மணி நேரம், கனடாவில் வளாகத்துக்கு வெளியே வாரம் 24, பிரிட்டனில் பட்டப்படிப்புக்கு வாரம் 20, சிங்கப்பூரில் அனுமதிக்கப்பட்ட கல்லூரிகளில் முழு நேரம் படிப்போருக்கு வாரம் 16. கனடாவில் இருக்கும் அண்ணன் வெளிக்கடையில் வேலை பார்க்கிறான் என்பதால் அமெரிக்காவில் இருக்கும் தம்பி பார்க்க முடியாது.

ஏற்கெனவே தவறு நடந்திருந்தால்

முதலில் அந்த வேலையை நிறுத்த வேண்டும். அப்புறம் டிஎஸ்ஓவிடம் போவதற்கு முன் குடிவரவு வழக்கறிஞரைப் பார்க்க வேண்டும். டிஎஸ்ஓ நல்லவராக இருக்கலாம், ஆனால் தனக்குத் தெரிந்ததை செவிஸில் பதிய வேண்டிய கடமை அவருக்கு உண்டு. வழக்கறிஞரிடம் சொல்வது ரகசியமாக இருக்கும். பாடங்களைக் குறைத்து எடுத்தது போன்ற சில பிழைகளுக்கு, இழந்த மாணவர் நிலையைத் திரும்பக் கேட்டு விண்ணப்பிக்கலாம். அனுமதி இல்லாமல் வேலை செய்தவருக்கு விதிப்படி அந்த வழி அடைபட்டது. அதனால் நாட்டை விட்டுப் போய்ப் புது ஐ-20யோடு மறுபடி விசா கேட்பதா, வேறு வழி உண்டா என்பதை அவரவர் காகிதங்களைப் பார்த்துத்தான் சொல்ல முடியும். எந்தப் படிவத்திலும் ‘அனுமதி இல்லாமல் வேலை செய்தீர்களா’ என்ற கேள்விக்குப் பொய்யாக இல்லை என்று எழுதாதீர்கள். பல பல்கலைக்கழகங்களில் மாணவர்களுக்கு இலவச சட்ட உதவி அலுவலகம் இருக்கிறது, முதல் ஆலோசனையை அங்கேயே கேட்கலாம்.