காலண்டர் கட்டத்தில் ஒரு வரி

மலேசியாவில் சுங்கை சிப்புட் பக்கம் மழைக்காலத்தில் விடியும்போதே முகம் வாடிவிடும். பால்மரம், அதாவது ரப்பர் மரம், நனைந்தால் சீவிப் பால் எடுக்க முடியாது, அன்றைக்குக் கூலியும் சந்தேகம்தான். அப்படி ஒரு காலையில்தான் வேதாகமத்தில் ஆபகூக் புத்தகத்தின் 3-ஆம் அதிகாரத்தின் 17, 18 வசனங்கள் எனக்குப் புரிந்தன. அத்திமரம் துளிர்க்காமல், ஒலிவமரம் பலன் தராமல், தொழுவத்தில் மாடு இல்லாமல் போனாலும் கர்த்தருக்குள் மகிழ்வேன் என்கிறார் தீர்க்கதரிசி. ஒலிவமரத்தை நான் பார்த்ததில்லை. பால்மரம் என்று வாசித்துக்கொள்கிறேன்.

அந்த மகிழ்ச்சியைப் பழகச் செய்ய வேண்டியது இதுதான். கைப்பேசியைத் தொடுவதற்கு முன், தேத்தண்ணி ஆறும் நேரத்தில், அந்த இரண்டு வசனங்களையும் சத்தமாக வாசியுங்கள். அப்புறம் கடையில் கொடுத்த காலண்டரை எடுத்து, நேற்றைய கட்டத்தில் நன்றி சொல்ல ஒரே ஒரு விஷயத்தை எழுதுங்கள். 'தேவன் நல்லவர்' என்று பொதுவாக எழுதினால் இரண்டே வாரத்தில் சலித்துவிடும். 'பக்கத்து வீட்டு அக்கா முருங்கைக்கீரை கொடுத்தார்' என்று எழுதுங்கள். கட்டம் சிறியதாக இருப்பதும் நல்லதுதான். பிரசங்கம் எழுத இடமிருக்காது!

எழுத ஒன்றுமே தோன்றாத நாளும் வரும். சரி, சிரித்து நடிக்க வேண்டாம். அன்றைக்குச் சங்கீதம் 13. ஆறே வசனம், 'எதுவரைக்கும்' என்ற முறையீட்டில் தொடங்கிப் பாட்டில் முடியும். சந்தோஷமாயிருங்கள் என்று பவுல் பிலிப்பியருக்கு எழுதியதும் காவலில் இருந்தபோதுதான்.

மாதக் கடைசியில் தாளைக் கிழித்து எறியாமல் வேதாகமத்துக்குள் மடித்து வையுங்கள். போன நவம்பர் தாளில் எனக்கு நான்கு கட்டம் காலி. மற்றதில் பாதி கீரைதான்.