சர்வர் சொல்லும் பரிந்துரைகளை எந்த வரிசையில் செய்வது?

சர்வரை நிர்வகிக்கும் பேனலான டபிள்யூஹெச்எம்மில் (WHM), பாதுகாப்புக் குறைகளைச் சோதித்துச் சொல்லும் செக்யூரிட்டி அட்வைசரைத் திறந்ததும் வரிசையாக எச்சரிக்கைகள் வந்து நிற்கும். எல்லாவற்றையும் ஒரே மூச்சில் சரிசெய்யக் கை பரபரக்கும். பொறுங்கள்! அந்த மென்பொருளுக்கு உங்கள் அமைப்புகள் தெரியும், உங்கள் பழக்கவழக்கம் தெரியாது.

உதாரணத்துக்கு, சர்வருக்குள் தொலைவிலிருந்து நுழையும் வழியான எஸ்எஸ்ஹெச்சில் (SSH) பாஸ்வேர்டு மூலம் நுழைவதை நிறுத்தச் சொல்லும். நல்ல யோசனைதான். ஆனால் கீ (பாஸ்வேர்டுக்குப் பதிலான சாவிக் கோப்பு) வைத்து நுழைய முடிகிறதா என்று பார்க்காமல் அதை நிறுத்தினால், வீட்டைப் பூட்டிவிட்டுச் சாவியை உள்ளே விட்ட கதைதான். முதலில் எஸ்எஸ்ஹெச்சின் அமைப்புகள் உள்ள கான்ஃபிக் கோப்புக்கு ஒரு நகல் எடுங்கள். திறந்திருக்கும் செஷனை மூடாமல், இன்னொரு விண்டோவில் கீ மூலம் நுழைந்து பாருங்கள். வேலை செய்கிறதா? சரி, இப்போது பாஸ்வேர்டை நிறுத்தலாம். மாற்றியபின் மறுபடியும் புதிய விண்டோவில் ஒருமுறை நுழைந்து பார்த்த பிறகே பழைய செஷனை மூடுங்கள்.

தவறான பாஸ்வேர்டுகளால் திரும்பத் திரும்ப நுழைய முயல்பவர்களைத் தடுக்கும் சிபிஹல்க்கை (cPHulk) இயக்கச் சொன்னாலும் இதே எச்சரிக்கை தேவை. உங்கள் நிலையான ஐபி முகவரியை அனுமதிப் பட்டியலில் முதலில் சேர்த்துவிடுங்கள். இயங்குதளத்தின் மையப் பகுதியான கெர்னலுக்கு அப்டேட் என்றால் ரீபூட் செய்யும்வரை பழைய கெர்னல்தான் ஓடும். கூட்டம் குறைந்த நேரம் பார்த்துச் செய்யலாம்.

ஒரு நேரத்தில் ஒரு மாற்றம் போதும். அப்புறம் மறுபடி ஸ்கேன். வேண்டாம் என்று விட்ட பரிந்துரைக்கும் காரணத்தை ஒரு வரியில் குறித்து வையுங்கள், அடுத்த மாதம் நிச்சயம் மறந்திருக்கும்.