தலைக்குள் நுழையாத ஸ்வெட்டர்

நானே வடிவமைத்த ஸ்வெட்டர். உடல், கை எல்லாம் அளவாக வந்திருந்தன. கழுத்து மட்டும் தலைக்குள் நுழைய மறுத்தது. இழுத்தால் கழுத்துப் பட்டை நன்றாகவே விரிந்தது. விரியாதது அதன் கடைசி விளிம்பு.

எங்கள் பின்னல் குழுவுக்கு எடுத்துச் சென்றேன். அரைகுறையாக நிற்கும் வேலையைத் தயக்கமின்றிக் காட்டலாம் என்பதே அந்தக் குழுவின் பெரிய பலம். மூத்த அக்கா ஒருவர் விளிம்பை விரலால் நீவிப் பார்த்து, "பட்டையைத் தொடாதே, மூடிய கடைசி வரிசையை மட்டும் பிரி" என்றார். காரணத்தையும் விளக்கினார். ஒரு கண்ணியை, அதாவது ஊசியில் நிற்கும் நூல் வளையத்தை, அடுத்ததன் மேல் இழுத்து மூடும்போது விளிம்பில் ஒரு சங்கிலி உருவாகிறது. அதில் நூல் குறைவு. பட்டை எவ்வளவு நெகிழ்ந்தாலும் சங்கிலி அதைப் பிடித்து நிறுத்திவிடும்.

பிரித்தேன். முதலில் 4 மி.மீ. ஊசிக்குப் பதில் 5 மி.மீ. ஊசியால் மூடிப் பார்த்தேன். கொஞ்சம் தளர்ந்தது, போதவில்லை. பிறகு அக்கா சொன்னபடி, ஒவ்வொரு கண்ணியையும் பின்னுவதற்கு முன் நூலை ஊசியில் ஒரு சுற்று சுற்றினேன். பின்னிய கண்ணியின் மேல் அந்தச் சுற்றை இழுத்துவிட்டு, வழக்கம்போல் மூடினேன். தலை எளிதாக நுழைந்தது! நூல் கூடுதலாகச் செலவாகும். உருண்டையில் மிச்சம் வைத்திருங்கள். விளிம்பு சற்று அலையலையாகத் தெரிந்தது. நனைத்துப் பரப்பி உலர்த்தியதும் படிந்துவிட்டது.

தொப்பிக்கும் காலுறையின் மேல்விளிம்புக்கும் இப்போது இதே முறைதான். தோள்பட்டைக்கு மட்டும் வேண்டாம். அங்கே இறுக்கம்தான் ஆடையின் எடையைத் தாங்குகிறது.