பேஷ் ஷெல்லுல பக்கு வந்தா என்ன செய்யணும், எட்டாம் தேதி படுத்துக்கிட்ட ஒரு ஸ்கிரிப்டோட கதையும் சேர்த்து

எங்க சித்தப்பாவுக்கு பாம்பன்ல மீன் கமிஷன் கடை, தடைக்காலம் 61 நாள் முடிஞ்சு ஜூன் 15க்கு மேல விசைப்படகெல்லாம் கடலுக்கு போக ஆரம்பிச்சதும் "ஏன்டா கம்ப்யூட்டர் படிச்சுட்டு சும்மா திரியிற, இந்த கணக்க கொஞ்சம் பாரு"ன்னாரு, சரின்னு எந்த போட்டுக்கு எத்தன கிலோ, இறால் எவ்வளவு, நண்டு எவ்வளவு, கணவாய் எவ்வளவுன்னு கூட்டி மறுநாளுக்கு தாள் போட்டு வைக்கிற மாதிரி 40 வரில ஒரு பேஷ் ஸ்கிரிப்ட் எழுதி குடுத்தேன். பேஷ்ங்கிறது நாம அடிக்கிற கமாண்ட வாங்கி ஓட்டுற ஷெல்லு, ஸ்கிரிப்ட்ங்கிறது அந்த கமாண்டெல்லாம் வரிசையா எழுதி வச்ச ஃபைலு. நல்லாத்தான் ஓடுச்சு. ஜூலை 8ஆம் தேதி படுத்துருச்சு. 9ஆம் தேதியும் அதே. 10ஆம் தேதி நான் கைய கூட வைக்கல, தானா எந்திரிச்சு ஓடுது! சித்தப்பா "அஷ்டமி நவமியாடா உன் கம்ப்யூட்டருக்கு"ன்னு கேட்டாரு, நான் கெத்து விடாம "பேஷ்லயே பக்கு இருக்கு சித்தப்பா, ரிப்போர்ட் பண்ணிருவோம்"னு சொல்லிட்டேன்.

பக்குன்னா ப்ரோக்ராமுக்குள்ளயே இருக்கிற தப்பு. நல்லவேளை அனுப்பல. அதுக்கு முன்னாடி செய்ய வேண்டியத செஞ்சேன், அதத்தான் இங்க எழுதுறேன். கமாண்டெல்லாம் உச்சரிப்புலதான் எழுதுறேன், அடிக்கிறப்ப இங்கிலீஷ்ல அடிச்சுக்கிருங்க.

முதல்ல, நீங்க ஓட்டுறது பேஷ்தானான்னு பாருங்க. சிரிக்காதீங்க, லினக்ஸ் வகைகளான உபுண்டுலயும் டெபியன்லயும் எஸ்ஹெச்னு கூப்பிட்டா வர்றது பேஷ் இல்ல, டேஷ்னு இன்னொரு சின்ன ஷெல்லு, உபுண்டுல 2006லேர்ந்தே அப்படித்தான். அதுல [[ ]] போட்டா அப்படி ஒன்னு கிடையாதுன்னு சொல்லும், அது பக்கு இல்ல, அதுக்கு தெரியாத பாஷை அது. அடுத்தது பேஷ் டேஷ்டேஷ் வெர்ஷன் (இங்க டேஷ்டேஷ்னா -- கோடு ரெண்டு, அந்த ஷெல்லு இல்ல) அடிச்சு நம்பர பாருங்க. மேக் வச்சிருக்கவங்க மெஷினோடவே வர்ற பேஷ பாத்தா 3.2ன்னு காட்டும், அது லைசென்ஸ் காரணமா அங்கேயே நிக்குது, அதுல வர்ற பிரச்சனைய ரிப்போர்ட் பண்ணா என்னைக்கோ சரி பண்ணியாச்சுன்னுதான் பதில் வரும்.

அப்புறம் உங்க செட்டிங் எதுவும் இல்லாம வெறும் ஷெல்லா திறங்க, பேஷ் டேஷ்டேஷ் நோபுரொஃபைல் டேஷ்டேஷ் நோஆர்சி. இதுலயே பாதி பேருக்கு பிரச்சனை காணாம போயிரும், ஏன்னா யாரோ எங்கிட்டோ இருந்து காப்பி பண்ணி போட்ட ஏலியாஸ், அதாவது கமாண்டுக்கு வச்ச பட்டப்பேரு, உள்ள உக்காந்திருக்கும். நீளமா அடிச்சா அடுத்த வரிக்கு போகாம அதே வரி மேலயே ஏறி எழுதுதுன்னு ஒரு புகார் அடிக்கடி வரும், அது ப்ராம்ப்ட்டுக்கு, அதாவது கமாண்ட் அடிக்கிற இடத்துக்கு முன்னாடி வர்ற எழுத்துக்கு, கலர் போட்டவங்க அந்த கலர் கோட சுத்தி \[ \] போடாம விட்டது. கண்ணுக்கு தெரியாத எழுத்தையும் சேத்து எண்ணிக்கிட்டு வரி எங்க முடியுதுன்னு ஷெல்லுக்கு குழம்பிருது.

இதெல்லாம் தாண்டியும் நிக்குதுன்னா இப்பதான் வேலையே, ஸ்கிரிப்ட வெட்டணும். 40 வரில 20 தூக்கிட்டு ஓட்டுங்க, இன்னும் எரர் வருதா, மிச்சத்துல பாதிய தூக்குங்க, வரலையா, தூக்குனத திருப்பி வச்சுட்டு இன்னொரு பாதிய தூக்குங்க. பேஷ் மைனஸ் எக்ஸ் போட்டு ஓட்டுனா ஒவ்வொரு கமாண்டையும் ப்ளஸ் குறியோட காட்டிக்கிட்டே போகும், எந்த இடத்துல நின்னுச்சுன்னு தெரியும். நான் வெட்டி வெட்டி வந்து கடைசில மிஞ்சினது எக்கோ $((08)), அவ்ளோதான். போட்டும் இல்ல, இறாலும் இல்ல, சித்தப்பாவும் இல்ல. அத அடிச்சா 'வேல்யூ டூ கிரேட் ஃபார் பேஸ்'னு வருது. கணக்கு போடுறப்ப முன்னாடி சைபர் இருந்தா பேஷ் அத ஆக்டல், அதாவது எட்டடிமான எண்ணுன்னு எடுத்துக்கும், அதுல 7க்கு மேல இலக்கமே கிடையாது. மறுநாள் தாளுக்கு என் ஸ்கிரிப்ட் இன்னைக்கு தேதிய வச்சு கணக்கு போடும், அந்த தேதிய குடுக்கிற டேட் கமாண்டு 01லேர்ந்து 07 வரைக்கும் குடுக்கிறது ஆக்டல்லயும் அதே எண்ணுதான், அதனால தெரியல, 08ம் 09ம் மாட்டிக்கிச்சு, 10ல முன்னாடி சைபர் இல்ல, தப்பிச்சிருச்சு. அஷ்டமி நவமின்னு சித்தப்பா சொன்னது பாதி சரிதான். இதே நாள விட்டுட்டு மாசத்த வச்சு கணக்கு போட்டிருந்தேன்னா ஆகஸ்டும் செப்டம்பரும் முழுசா படுத்திருக்கும், கடைக்குள்ள கால வச்சிருக்க முடியாது.

ஆக அது பக்கு இல்ல, சி மொழிலேர்ந்து வந்த பழைய வழக்கம், பேஷோட மேனுவல்லயே எழுதியிருக்கு. எண்ணுக்கு முன்னாடி 10# போட்டா பத்தடிமானம்னு எடுத்துக்கும், இல்லேன்னா டேட்டுக்கு குடுக்குற ஃபார்மேட்ல சதவீத குறிக்கும் டிக்கும் நடுவுல ஒரு மைனஸ் போட்டா லினக்ஸ்ல சைபரே இல்லாம வரும்.

தமிழ்ல ஃபைல் பேரு வைக்கிறவங்களுக்கு இன்னொரு கண்ணி இருக்கு, இதுலயும் ஷெல்லு மேலதான் பழி விழும். கொடுவான்னு ஒரு ஃபைல், ஃபைல் லிஸ்ட் காட்டுற எல்எஸ் அடிச்சா கண்ணு முன்னாடி தெரியுது, அதே பேர நீங்க கையால டைப் பண்ணி கேட்டா அப்படி ஒரு ஃபைலே இல்லைங்குது. பேய் புடிச்ச மாதிரி இருக்கும். விஷயம் என்னன்னா கம்ப்யூட்டர் எழுத்துக்கு நம்பர் குடுக்குற யூனிகோட்ல 'கொ'வ ரெண்டு விதமா எழுதலாம், ககரம் போட்டு ஒகரக் குறி ஒன்னு, இல்லேன்னா ககரம் போட்டு ஒத்தக் கொம்பு தனியா கால் தனியா. பாக்க ரெண்டும் ஒன்னுதான், பைட்டு கணக்குல முதல் வகை 6, அடுத்தது 9. பழைய மேக்ல ஃபைல் பேர பிரிச்சு பிரிச்சுத்தான் வைக்கும், அங்க ஜிப் பண்ணி அனுப்பினத லினக்ஸ்ல திறந்தா அப்படியே பிரிஞ்ச பேரா வந்து உக்காரும், உங்க கீபோர்டு அடிக்கிறதோ சேந்த எழுத்து. எல்எஸ்ஸோட அவுட்புட்ட பைட்ட எண்ணுற டபிள்யூசி மைனஸ் சிக்கு அனுப்பி எண்ணி பாருங்க, தெரிஞ்சிரும். கான்வ்எம்வின்னு ஒரு கருவி இருக்கு, டேஷ்டேஷ் என்எஃப்சி போட்டா பேரெல்லாம் சேத்து வச்சிரும், ஆனா டேஷ்டேஷ் நோடெஸ்ட் போடாத வரைக்கும் வெறுமன காட்ட மட்டும்தான் செய்யும், மாத்தாது. கர்சர் தமிழ் எழுத்துக்கு நடுவுல தள்ளி தள்ளி நிக்கிறது வேற கதை, அதுக்கு முதல்ல வேற டெர்மினல்ல திறந்து பாருங்க, அங்க சரியா இருந்தா ஷெல்லு மேல தப்பில்ல.

சரி, எல்லாம் பாத்தாச்சு, ஒத்த வரில வருது, மேனுவல்ல வேற மாதிரி சொல்லியிருக்கு, புது வெர்ஷன்லயும் வருது. இப்ப ரிப்போர்ட் பண்ணலாம். நடுக்கடல்ல இன்ஜின் நின்னுருச்சுன்னா வாக்கிடாக்கில கரையில இருக்குற மெக்கானிக்க கூப்பிடுவாங்கல்ல, அந்த மாதிரி நெனச்சுக்கிருங்க. அவரு இன்ஜின பாக்க முடியாது, "ஓட மாட்டேங்குதுண்ணே"ன்னா திட்டுவாரு, "கியர் போட்டதும் நிக்குதா, போடாமலே நிக்குதா, புகை என்ன கலரு"ன்னு கேப்பாரு. பேஷ 30 வருஷத்துக்கு மேல பாத்துக்கிட்டு வர்ற ஷெட் ரேமியும் உங்க மெஷின பாக்க முடியாது.

பேஷ்பக்னு ஒரு கமாண்டு பேஷோடவே வருது, அத அடிச்சா எடிட்டர் திறக்கும், மெஷின் வகை, வெர்ஷன், பேட்ச் (தப்ப திருத்துற சின்ன ஒட்டு) நம்பர் எல்லாம் அதுவே எழுதி வச்சிரும். நீங்க எழுத வேண்டியது மூணு இடம். விளக்கத்துல என்ன எதிர்பாத்தீங்க, என்ன வந்துச்சு, எரர் அப்படியே எழுத்துக்கு எழுத்து. 'ரிப்பீட் பை'ங்கிற இடத்துலதான் அந்த ஒத்த வரி, இதுதான் உசுரு, காப்பி பண்ணி ஒட்டுனா அங்கயும் அப்படியே வரணும், ஸ்கிரீன்ஷாட் வைக்காதீங்க. 'ஃபிக்ஸ்'ல தெரிஞ்சா எழுதுங்க, தெரியலைன்னா அந்த இடத்தையே அழிச்சிருங்க, ஊகத்த எழுதி அவர திசை திருப்ப வேணாம். ஒரு மெயிலுக்கு ஒரு பக்கு. நம்ம லேப்டாப்ல மெயில் அனுப்புற செட்டப் இருக்காது, அனுப்ப முடியலைன்னா ஹோம் ஃபோல்டர்ல டெட்டாட் பேஷ்பக்னு சேவ் பண்ணி வைக்கும், அதுல இருக்கிறத எடுத்து சாதாரண மெயில்ல ஒட்டி அனுப்பிக்கலாம்.

ஒன்னே ஒன்னு, வெளியாளு உங்க மெஷின்ல கமாண்ட ஓட்ட முடியுற மாதிரி ஓட்டைன்னா ஊரறிய போடாதீங்க, தனியா சொல்லுங்க. 2014ல பேஷ்ல ஷெல்ஷாக்குங்கிற அந்த மாதிரி ஓட்டைய கண்டுபுடிச்ச ஸ்டெஃபான் ஷஸெலா அப்படித்தான் முதல்ல தனியா ஷெட் ரேமிக்கு சொன்னாரு, பேட்ச் ரெடியானப்புறம் செப்டம்பர் 24ஆம் தேதிதான் வெளிய வந்துச்சு. அந்த ஓட்டை 1989லேர்ந்தே உள்ள இருந்திருக்கு, பாத்துக்கிருங்க. முதல் பேட்ச் பத்தாம அடுத்தடுத்து பேட்ச் போட வேண்டி வந்துச்சு.

நாமளே சரி பண்ண முடியுமான்னா, முடியும், கொஞ்சம் பொறுமை வேணும். பேஷ வெளியிடுற குனு தளத்துல சோர்ஸ, அதாவது மூல கோட எடுங்க, கூடவே பேட்ச் ஃபைலெல்லாம் நம்பர் போட்டு இருக்கும், வரிசையா பேட்ச் மைனஸ் பி சைபர்னு போடணும், நடுவுல ஒன்ன விட்டா அடுத்தது ஒட்டாது. கன்ஃபிகர் ஓட்டி மேக்ங்கிற கமாண்ட (ஆப்பிள் மேக் இல்ல) அடிச்சா அந்த ஃபோல்டர்லயே ஒரு பேஷ் வந்துரும், ./ போட்டு அதையே ஓட்டுங்க, தயவுசெஞ்சு இன்ஸ்டால் பண்ணி சிஸ்டத்தோட பேஷ் மேல ஏத்தாதீங்க, அது ஒடஞ்சா மெஷின் பூட் ஆகுறதே சந்தேகம். மெமரி பிரச்சனைய வால்கிரைண்ட்ங்கிற கருவில தேடுறதா இருந்தா கன்ஃபிகர்ல வித்தவுட் பேஷ் மேலாக் போட்டுருங்க, இல்லேன்னா மெமரிய பிரிச்சு குடுக்குற பேஷோட சொந்த மேலாக் எல்லாத்தையும் மறைச்சிரும்.

கோட்ல எங்க தேடுறதுன்னு முழிக்க வேணாம், எரர் வாசகத்தையே கிரெப் பண்ணுங்க, அதாவது கோடுக்குள்ள தேடுங்க. என் எட்டாம் தேதி எரர கிரெப் பண்ணப்ப நேரா எக்ஸ்பிஆர் டாட் சிக்கு போச்சு, கணக்கெல்லாம் அங்கதான். கமாண்ட புரிஞ்சுக்கிறது பார்ஸ் டாட் ஒய், டாலர் போட்டத விரிக்கிறது சப்ஸ்ட் டாட் சி, டைப் பண்றது கர்சர் நகர்த்துறதெல்லாம் லிப் ஃபோல்டருக்குள்ள ரீட்லைன். மாத்துனதும் மேக் டெஸ்ட்ஸ் ஓட்டுங்க, டெஸ்ட் ஃபோல்டர்ல ரைட்னு முடியுற ஃபைல்கள்ல வரவேண்டிய பதில் இருக்கும், அதோட ஒப்பிட்டு வித்தியாசத்த காட்டும், நீங்க ஒன்ன சரி பண்ணி ஒம்பத ஒடச்சிருந்தா அங்க தெரிஞ்சிரும். அப்புறம் பழைய கோடுக்கும் புதுசுக்கும் உள்ள வித்தியாசத்த டிஃப் மைனஸ் யுல எடுத்து அந்த 'ஃபிக்ஸ்' இடத்துல ஒட்டுங்க.

அனுப்பியாச்சு, அவரும் சரி பண்ணிட்டாருன்னே வைங்க, அது டெவல் கிளைக்கு, அதாவது அடுத்த வெர்ஷன் தயாராகுற கோடுக்கு போயி, பேட்ச்சாவோ அடுத்த வெர்ஷனாவோ வந்து, உங்க உபுண்டுக்கு வந்து சேர நாளாகும். அதுவரைக்கும் சுத்துவழி ஒன்னு போட்டு ஓட்டிக்கிட்டு இருங்க, பக்கத்துலயே கமெண்ட்ல ஏன் போட்டோம்னும் எழுதி வைங்க. என் ஸ்கிரிப்ட்ல அந்த 10# வரிக்கு மேல 'எட்டாம் தேதிக்காக, எடுக்காதே'ன்னு எழுதி வச்சிருக்கேன், சித்தப்பா அதுக்கு மேல புள்ளையார் சுழி ஒன்னு போட சொல்லியிருக்காரு.